என் குதிகாலை அளந்தவள் மீது ஒரு புகார்

அன்புள்ள தம்பிக்கு அண்ணன் எழுதுவது. அங்கே நீயும் வீட்டில் உள்ளவர்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வேறு எதையும் இப்போது நான் நம்புவதில்லை.

போன மாதம் பால் சங்கக் கொட்டகையில் தோலைப் பரிசோதிக்க என்று ஒரு நர்ஸம்மா வந்து உட்கார்ந்தாள். ஊரில் ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, அப்புறம் எதற்கு வருகிறாள் என்று எனக்கு அப்போதே பொறி தட்டியது. உன் அண்ணிதான் பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பினாள். "காலைத் திருப்புங்க ஐயா. வெறுங்கால்ல வயல்ல நடக்கறவங்க யாரும் அடிப்பாதத்தைப் பார்க்கறதே இல்ல" என்றவள், என் குதிகால் மச்சத்தின் மேல் ஒரு குட்டி ஸ்கேலை வைத்து அளந்தாள். முப்பத்தொரு வருஷம் நில அளவையராக இருந்தவன் நான், அளக்க வந்தவன் எதையாவது எடுக்காமல் போனதாகச் சரித்திரம் இல்லை. "ஓரம் ஒழுங்கா இல்ல, நிறமும் ஒரே மாதிரி இல்ல. பெரிய ஆஸ்பத்திரியில காட்டிடுங்க. புற்றா இருந்தாலும் ஆரம்பத்துலயே வெட்டி எடுத்துட்டா பயமில்ல" என்றாள். பார்த்தாயா, எடுக்கப்போவதை அவள் வாயாலேயே சொல்லிவிட்டாள்.

நானா விடுவேன்? அன்றைக்கே மச்சத்தின் மேல் ட்ரேசிங் தாளை வைத்து, கூரிய பென்சிலால் எல்லையை வரைந்து, தேதி போட்டு, கையெழுத்திட்டுப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். அன்று முதல் உன் அண்ணி சோறு போடும்போதுகூட என் முகத்தைப் பார்க்காமல் காலையே பார்க்கிறாள். வீட்டுக்குள் காலுறை போட்டுக்கொண்டு திரிகிறேன். நேற்று தாளை எடுத்து வைத்துப் பார்த்தால் மச்சம் கோட்டைத் தாண்டி இரண்டு மில்லிமீட்டர் வெளியே நிற்கிறது. உன் அண்ணிதான் தாளை மாற்றியிருக்க வேண்டும். கேட்டதற்கு, "பொட்டி சாவி உங்க கழுத்துல தொங்குது. நான் எப்படிங்க மாத்துவேன்?" என்றாள். குற்றம் செய்தவர்கள் இப்படித்தான் நியாயமாகப் பேசுவார்கள். பேசிவிட்டு அழுதாள். அதுவும் நடிப்பு என்றே வைத்துக்கொள்.

நர்ஸம்மா மீது எழுதிய புகார் மனு இத்துடன் இருக்கிறது. மேலிடத்தில் நீயே சேர்த்துவிடு. பிள்ளைகளுக்கு என் ஆசிகள். யார் அளக்க வந்தாலும் வாசலோடு அனுப்பிவிடு.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பி.கு.: ஒட்டிய கவரைப் பிரித்து எழுதுகிறேன். தாளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். தேதி என்னுடையது, கையெழுத்து என்னுடையது, கோடும் என்னுடையது. நகர்ந்தது மச்சம்தான். எனக்குப் பயமாக இருக்கிறது. நாளைக் காலை முதல் பஸ்ஸில் அண்ணியோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். மனுவைக் கொடுத்துவிடாதே, அதன் பின்பக்கத்தில் நர்ஸம்மாவின் போன் நம்பரை எழுதியிருக்கிறேன். உன் இடது தோளுக்குக் கீழே இருக்கும் மச்சம், சின்ன வயதில் நாம் கிணற்றில் குளித்த நாட்களில் மிளகளவு இருந்தது. போன தடவை நீ சட்டையைக் கழற்றியபோது புளியங்கொட்டை அளவு இருந்தது. நீ எதையும் அளக்காதே தம்பி, நேராகப் போய்க் காட்டு. அளந்தே ஒரு மாதத்தைத் தொலைத்தவன் சொல்கிறேன்.