மூன்று வயர், மூன்று பொட்டு

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். ஒன்றைச் சொல்ல வந்து இன்னொன்றில் போய் நிற்பேன். பாதி மறந்தும் போகும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு காரியம் மட்டும் மறக்க மாட்டேன் என்கிறது. மறந்தால் எவ்வளவோ நல்லது.

நான் வாய் செத்தவள். அடுத்த வீட்டில் ஒரு கரண்டி சீனி கேட்க நாலு நாள் யோசிப்பேன் (அதற்குள் காப்பி ஆசையே போய்விடும்). மகன் சங்கர் துபாயில் வேலைக்குப் போன பிறகு வீட்டில் நானும் மருமகள் கோமதியும்தான். புளியங்குடிப் பெண். நான் பேசாததையும் சேர்த்து அவளே பேசிவிடுவாள். சென்னைக் கம்பெனி வேலையைச் சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டு நடு அறையில் இருந்தே பார்த்தாள். லேப்டாப் ஒன்று, பக்கத்தில் டிவி மாதிரி இரண்டு. எல்லாவற்றையும் சேர்க்க, சோப்பு டப்பா அளவில் ஒரு பெட்டி. அந்தப் பெட்டியில் மூன்று வயர் வந்து சேரும்.

“எதுக்கு மக்கா மூணு?” என்று ஒருநாள் கேட்டேன்.

“இதுல மீட்டிங்காரங்க மூஞ்சி. அதுல அவங்களுக்குக் காட்டுத படம். லேப்டாப்புல நான் பாத்துப் பேசுத குறிப்பு. குறிப்பு அவங்க கண்ணுல படக் கூடாது அத்தை.”

புரிந்தது. ரசத்துக் கரண்டியைப் பாயசத்தில் போடக் கூடாது.

சரஸ்வதி பூசை வந்தது. காலையிலேயே புளியங்குடிக்கு, அம்மா வீட்டுக்குக் கிளம்பினாள்.

“லேப்டாப்பை மட்டும் பூசையில வைங்க அத்தை. நாளைக்குப் பத்து மணிக்குப் பெரிய மீட்டிங். வெள்ளைக்காரங்களுக்கு விஜயதசமி லீவு கெடையாதுல்லா. அது நல்லா முடிஞ்சா இங்கன இருந்தே வேலை பாருன்னு சொல்லிருக்காவ. இல்லன்னா சென்னைக்குத்தான் போவணும்.”

அவள் சென்னைக்குப் போய்விட்டால் வீட்டில் நான் மட்டும்தான். பூசையை ஒரு குறையில்லாமல் செய்துவிட வேண்டும் என்று நினைத்தேன். பந்தியில் ஒருவருக்கு இலை போட்டு, கூட வந்த இரண்டு பேரை நிற்க வைப்பார்களா? டிவி இரண்டையும் சேர்த்துப் பூசையில் வைக்க, பெட்டியில் இருந்து மூன்று வயரையும் உருவினேன். திரும்ப எது எதற்கு என்று மறந்துவிடுமே! அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தேன். ஒரு வயரின் நுனியிலும் பெட்டியில் அது சொருகும் ஓட்டையிலும் மஞ்சள் பொட்டு. அடுத்ததற்குக் குங்குமம். மூன்றாவதற்குக் கோயில் புற்றுமண். எல்லாம் தண்ணீரில் குழைத்து, நன்றாக ஒட்டும்படி. பூசைக்குப் பூசையும் ஆச்சு, அடையாளத்துக்கு அடையாளமும் ஆச்சு. (இஞ்சினியருக்குப் படித்தவர்களுக்குக்கூட இது தோன்றியிருக்காது என்று பெருமைப்பட்டேன். உண்மைதான், தோன்றியிருக்காது.)

மறுநாள் விடியற்காலம் எல்லாவற்றையும் இறக்கி, மஞ்சளை மஞ்சளிலும், குங்குமத்தைக் குங்குமத்திலும், மண்ணை மண்ணிலும் சொருகினேன். ஒன்றுகூட மாறவில்லை. வெளியே ஒட்டியிருந்ததை முந்தானையால் துடைத்தும் விட்டேன்.

கோமதி ஒன்பதரைக்கு வந்து சுவிட்சைப் போட்டாள். பெட்டியில் விளக்கு ஒருமுறை சிமிட்டி அணைந்துவிட்டது. இரண்டு டிவியும் கறுப்பு. லேப்டாப் மட்டும் எரிந்தது. அதை அணைத்துப் போட்டாள், மறுபடி அணைத்துப் போட்டாள். நெற்றியெல்லாம் வியர்வை.

“லேப்டாப்புலதான் என்னமோ ஆயிட்டு. அத்தை, வயரைக் கியரைத் தொட்டியளா?”

‘நான்தான்’ என்ற சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வெட்கமா, பயமா, தெரியவில்லை. வாயில் வந்தது வேறு.

“இல்லியே மக்கா. பல்லி கில்லி போயிருக்குமோ?”

(பூச்சி, பொட்டு, பல்லி தொந்தரவு நீங்க எங்கள் ஊர்க் கோயிலில் வேண்டிக்கொள்வார்கள். அந்தக் கோயில் மண்ணையே ஓட்டைக்குள் வைத்துவிட்டுப் பல்லி மேல் பழி போட்டேன்.)

பத்து மணி ஆகிவிட்டது. அந்த ஒரு லேப்டாப்பிலேயே மூஞ்சி, படம், குறிப்பு மூன்றும். நான் கதவோரம் நின்றேன். இங்கிலீஷில் சரளமாகப் பேசிக்கொண்டிருந்தவள் திடீரென்று நின்றாள். படத்தைக் காட்டுவதற்குப் பதில் குறிப்பைக் காட்டிவிட்டாள். அதில் தமிழில் எழுதியிருந்தாளாம்: “மொட்டை குறுக்கக் கேள்வி கேப்பாரு. சிரிச்சிக்கிட்டே அடுத்த படத்துக்குப் போ.”

வெள்ளைக்காரர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. சென்னையில் இருக்கிற மொட்டை மேனேஜருக்குத் தமிழ் நன்றாகப் படிக்க வருமாம்.

அடுத்த வாரமே, ஆபீசுக்கு வந்து வேலை பாருங்கள் என்று மெயில் வந்துவிட்டது. கோமதி சென்னைக்குக் கிளம்பினாள். சாமான் கட்டுகிறபோது அந்தப் பெட்டியை ஊக்கால் குத்தினாள். மஞ்சளாக உதிர்ந்தது. அப்புறம் சிவப்பு. அப்புறம் மண். என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“ஏன் அத்தை, பல்லி பொட்டு வைக்குமா?”

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: “பெட்டிலதான் கோளாறுன்னு தெரிஞ்சிருந்தா, அதைக் கழட்டிட்டு ஒரு டிவி வயரைத் துடைச்சு நேரா லேப்டாப்புல சொருகியிருப்பேன். ரெண்டு நிமிசம்.”

‘நான்தான்’ என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். முறுக்கு டப்பாவைத்தான் அவள் பையில் திணித்தேன்.

இப்போது எங்கள் வீட்டில் மிக்ஸி ஓடவில்லை என்றாலும் சரி, போன் சார்ஜ் ஏறவில்லை என்றாலும் சரி, துபாயிலிருந்து சங்கர் கேட்பான்: “எம்மா, பல்லி வந்துச்சா?” சென்ற பூசைக்குக் கோமதி சென்னையிலிருந்து ஒரு போட்டோ அனுப்பினாள். இரண்டு டிவிக்கும் முதுகில் பெரிய குங்குமப் பொட்டு. “பொட்டு இங்கன வைக்கணும் அத்தை” என்று பேசி அனுப்பியிருந்தாள். அந்தக் குரலை எத்தனை தடவை கேட்டேன் என்று எனக்கே தெரியாது. நடு அறையில் இப்போது சத்தம் இல்லை.

வயர் மூன்றுதானா, மீட்டிங் பத்து மணிக்கா பத்தரைக்கா, பெட்டிக்குச் சரியான பேர் என்ன என்பதெல்லாம் எனக்கு நிச்சயமில்லை. யாராவது கோமதியிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கேட்கும்போது, பல்லி இல்லை, நான்தான் என்று அத்தை எழுதியிருக்கிறாள் என்றும் சொல்லிவிடுங்கள்.