இருநூற்றுப் பதின்மூன்றாம் மாதிரியின் கணவர்

உங்களுக்கு உடம்பு சரியில்லை என்றதும் முகம் மலர்கிற மனிதரைப் பார்த்திருக்கிறீர்களா? கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். பரம சாது. ஒரே ஒரு விஷயத்தை முப்பது வருடமாகக் கரைத்துக் குடித்துவிட்டு, அது எங்கே தட்டுப்பட்டாலும், உங்கள் உடம்புக்குள்ளேயே தட்டுப்பட்டாலும், காணாமல் போன தம்பி வீடு திரும்பியதுபோல் பூரித்துப் போகிற இனம். நிபுணர் என்று பெயர். எல்லாத் தொழிலிலும் உண்டு.

எனக்கு வாய்த்தவர் எதிர் வீட்டுக்காரர். கிருமிகள் சிறுநீர்ப் பாதைக்குள் புகுந்து எதைக் கொண்டு ஒட்டிக்கொள்கின்றன, அந்தக் கொக்கி இழைகளைச் செய்துகொடுப்பது எந்த ஜீன், எது இருந்தால் கிருமி வெறும் தொல்லை, எது இருந்தால் ஆளையே சாய்க்கும் என்பதெல்லாம் அவருடைய ஆராய்ச்சி. மாணவர்கள் வைத்த பெயர் கோந்து சார். மின்தூக்கியில் அகப்பட்டுக்கொண்டால் தீர்ந்தது. விரல்களை வளைத்து உங்கள் சட்டையில் மாட்டி, "தண்ணி இழுத்துக்கிட்டுப் போகுது, ஆனா இவன் விட மாட்டான் பாருங்க" என்று செயல்முறை விளக்கம் தருவார். நான் இரண்டு பித்தான்களை இழந்திருக்கிறேன். மூன்றாம் மாடி வந்துவிடும். கிருமி விடாது, அவரும் விட மாட்டார். வைத்தியம் பார்க்கிற டாக்டர்கள் மேல் அவருக்குக் கொஞ்சம் இளக்காரம். அவர்களுக்கு மருந்துதான் தெரியும், கிருமியைத் தெரியாது என்பார்.

அவர் மனைவி கணக்கு டீச்சர். ஐந்து பீரியட் தொடர்ந்தாற்போல் வகுப்பு. கழிப்பறையோ கட்டடத்தின் மறுகோடியில். அங்கே போய் வருவதற்குள் வகுப்பு சந்தையாகிவிடும் என்று அடக்கி அடக்கியே பழகியவர். ஒரு திங்கட்கிழமை காலையில் அவர் கணவரிடம் வந்து, போகும்போது எரிகிறது, நேற்றிலிருந்து பத்துத் தடவை போய்விட்டேன் என்று சொன்னார். வேறு யாராக இருந்தாலும் எப்போதிலிருந்து, ரொம்ப வலிக்கிறதா என்று ஏதாவது கேட்டிருப்பார்கள். கோந்து சார் கேட்டது ஒன்றே ஒன்று.

"மாத்திரை எதுவும் போட்டுக்கலையே?"

இல்லை என்றதும் அவருக்கு அப்படி ஒரு நிம்மதி. கைப்பையில் எப்போதும் சுத்தமான குப்பி இரண்டு வைத்திருப்பவராயிற்றே. ஒன்றை நீட்டினார். டாக்டரிடம் போகட்டுமா என்று டீச்சர் கேட்டதற்கு, நாளைக் காலையில் இன்னொரு குப்பியும் வேண்டும், அதற்குள் மருந்து சாப்பிட்டால் கிருமி கெட்டுப்போகும் என்று பதில் வந்தது. கிருமி கெட்டுப்போகக் கூடாதாம். அடுத்தவர் வீட்டுக் குழந்தையைக்கூட இவ்வளவு பத்திரமாகப் பார்த்துக்கொள்ள மாட்டார்கள்.

ஆய்வுக்கூடத்தில் மனைவிக்கு எண் கொடுத்தாயிற்று: இருநூற்றுப் பதின்மூன்று. செவ்வாயன்று கிருமி தட்டில் செழித்து வளர்ந்தது. புதனன்று பன்னிரண்டு ஜீன்களைத் தேடினார். பன்னிரண்டும் இருந்தன. முப்பது வருடத்தில் இப்படி ஒன்று சிக்கியதில்லையாம். புதன் மாலை, அந்த ஜீன்கள் கோடு கோடாகத் தெரியும் படத்தைக் கைபேசியில் ஏற்றிக்கொண்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் படுக்கையறைக்குப் போயிருக்கிறார். டீச்சர் இரண்டு போர்வைக்குள் சுருண்டு கிடந்தார். பல் கிட்டியது. இவர் படத்தை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இந்தக் கோட்டைப் பாரு. இது இருக்கிற கிருமி கீழேயே நிக்காது. நேரா கிட்னி வரைக்கும் ஏறிடும்."

"முதுகு வலிக்குதுங்க," என்றார் டீச்சர். "மத்தியானத்திலேருந்து. வலது பக்கம்."

அப்போதுதான் கோந்து சாருக்கு உறைத்தது, இருநூற்றுப் பதின்மூன்று தன் வீட்டில்தான் இருக்கிறது என்று. என் கதவை இடித்தார். நான் வண்டியை எடுத்தேன்.

மருத்துவமனையில் டாக்டரம்மா நிதானமானவர். கோந்து சார் கொடுத்த நான்கு பக்க அறிக்கையைக் கடைசி வரி வரை மரியாதையாகப் படித்தார். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

"எல்லாம் இருக்கு சார். எந்த மருந்துக்கு இது அடங்கும்னு மட்டும் இல்லையே?"

இல்லைதான். அதற்கு ஜீனும் வேண்டாம், பெரிய இயந்திரமும் வேண்டாம். கிருமியைப் புதுத் தட்டில் தடவி, மேலே மருந்து தோய்த்த வட்டத் தாள்களை வைத்துவிட்டு மறுநாள் பார்த்தால் போதும். எந்தத் தாளைச் சுற்றிக் கிருமி வளரவில்லையோ அந்த மருந்தைக் கொடுக்க வேண்டியதுதான். மட்டமான வேலை என்று இவர் அதைத் தொடுவதையே விட்டுப் பல வருடமாயிற்று. டாக்டரம்மா உத்தேசமாக ஒரு மருந்தை ஏற்றினார். அது கேட்கவில்லை. இரண்டு நாள் காய்ச்சல் இறங்காமல், ரத்தத்தில் கிருமி கலந்துவிடுமோ என்று எல்லோரும் தவித்துக்கொண்டிருந்தபோது, மருத்துவமனையே அந்த மட்டமான சோதனையைச் செய்து முடித்து மருந்தை மாற்றியது. டீச்சர் பிழைத்தார். கோந்து சார் அந்த இரண்டு நாளும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, இரண்டாம் வருடப் பையன்கள் செய்கிற டெஸ்ட், இரண்டாம் வருடப் பையன்கள் செய்கிற டெஸ்ட் என்று அழுதுகொண்டிருந்தார். கேலி செய்ய வந்த நான் காப்பி வாங்கிக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன்.

ஒன்பதாம் நாள் வீடு திரும்பிய டீச்சரைப் பார்க்கப் போயிருந்தேன். கோந்து சார் அவர் காலருகில் கை கட்டி உட்கார்ந்திருந்தார். டீச்சர் சண்டை போடவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார்.

"பன்னெண்டு ஜீன் தேடிப் பாத்தீங்க. நெத்தியில ஒரு தடவை கை வெச்சுப் பாக்கலையேங்க."

நல்லா கேட்டாங்க என்று தோன்றுகிறதல்லவா? எனக்கும் தோன்றியது. இருக்கட்டும். போன வாரம் உங்கள் வீட்டில் ஒருவர் உடம்பு ஒரு மாதிரி இருக்கிறது என்றாரே, உங்கள் கை எங்கே போனது? கைபேசிக்குத்தானே? என்ன நோயாக இருக்கலாம், அதற்கு என்னென்ன அறிகுறி என்று தேடி எடுத்து அவருக்கே உரக்கப் படித்துக் காட்டினீர்கள். ஆறாவது அறிகுறியில் இருந்தபோது அவர் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் குடிக்கத் தானே நடந்து போனார். பார்த்தீர்களா?