பல்லில் இல்லாத பழுது

திருப்பூர்

என் மனைவி ரங்காத்தாளுக்குத் தம்பியாகப் பிறந்த அப்புசாமி மாப்பிள்ளைக்கு,

இங்கு அனைவரும் நலம். உடுமலையில் உங்கள் தென்னைகளும், அவற்றைக் கட்டிக்கொண்டு கிடக்கும் நீங்களும் நலமென்றே நம்புகிறேன்.

என் பேரன் காதுகுத்துப் பந்தியில், சம்பந்தி ஊற்றிய ரசம் வாயில் எரிகிறதென்று நான் இலையை மூடியபோது, எல்லார் முன்பும் நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. "எங்க மச்சானுக்கு வாயில எரிச்சலும் இல்ல, கிரிச்சலும் இல்லீங்க. ரசத்தைச் சாக்கு வெச்சுச் சம்பந்திகிட்ட மொறைக்கிறாருங்க." பந்தியே சிரித்தது. உங்கள் அக்காவும் சிரித்தாள். மன்னிப்புக் கேட்கும்வரை என் வீட்டுப் படி ஏற வேண்டாம் என்று அன்றே சொன்னேன். இப்போது கேட்டுவிடுங்கள் மாப்பிள்ளை. நான் ஜெயித்துவிட்டேன்.

நாக்கும் ஈறும் சுண்ணாம்பு பட்டதுபோல் எரிந்ததால் பல் டாக்டரிடம் போனேன். பல்லெல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். அவருக்குக் கண் சரியில்லை என்று முடிவு செய்து, வேறொருவரிடம் சண்டை போட்டுக் கடைவாய்ப்பல் இரண்டைப் பிடுங்கிக்கொண்டேன். எரிச்சல் போகவில்லை; முறுக்குத்தான் போயிற்று. பற்பசையை மாற்றினேன், குடிதண்ணீரை மாற்றினேன், சமைக்கிற உங்கள் அக்காவை மட்டும் மாற்ற முடியவில்லை. கடைசியில் மகன் தரணீதரன் கோயம்புத்தூரில் நரம்பு டாக்டர் அனுசுயாவிடம் கூட்டிப்போனான். அந்த அம்மாள் தலையை ஸ்கேன் எடுத்து, மூளையில் ரத்தம் ஓடுவதைக் கலர் கலராகக் காட்டினார். சில இடங்களில் ஓட்டம் ஒரு சீராக இல்லை. நாள்பட்ட வாய்வலிக்கும் மனச்சோர்வுக்கும் இந்த ஓட்டத்துக்கும் தொடர்பு இருக்கலாமென்று ஆராய்கிறார்களாம். "இந்த ஒரு படத்தை வெச்சே எல்லாம் சொல்லீற முடியாதுங்க அய்யா. ஆனா உங்க வலி நெசந்தானுங்க" என்றார். முதல் பாதி எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை.

நம் நிட்டிங் மிஷினில் ஓர் ஊசி கெட்டால் துணி நெடுகக் கோடு விழும். துணியை வெட்டி வீசினால் கோடு போகுமா? இதைச் சொல்லித்தானே நாம் சேர்ந்து கம்பெனி நடத்திய காலமெல்லாம் ஆட்களைத் திட்டினேன்? அப்படிப்பட்ட நான் பல்லைப் பிடுங்கியது ஒரு சிறு கவனக்குறைவு. பெரிதுபடுத்த வேண்டாம். ஸ்கேன் படத்தைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறேன். போன வாரம் மூலனூர்ப் பெரியவர் ஒருவர் அதைக் கும்பிட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

மனதில் ஏதாவது வருத்தமுண்டா என்றும் டாக்டர் கேட்டார். எனக்கென்ன வருத்தம்? நீங்கள் பங்கைப் பிரித்துக்கொண்டு உடுமலைக்குக் கிளம்பியபோதே "போனாப் போங்க" என்று சொன்ன ஆள் நான். மனச்சோர்வுக்கான மாத்திரையை வாய்க்காக மட்டும் சாப்பிடுகிறேன். எரிச்சல் பாதி அடங்கிவிட்டது.

ஆகவே மன்னிப்பை எழுதிக் கையெழுத்திட்டுத் தபாலில் அனுப்பவும். நேரில் வரத் தேவையில்லை. உங்கள் தென்னைகள் குலை தள்ளவும், குழந்தைகள் நோயின்றி வளரவும் என் ஆசிகள்.

தோற்காத,
திருமூர்த்தி

பி.கு.: எரிச்சல் எப்போது தொடங்கியது என்று டாக்டர் கேட்டதற்கு உங்கள் அக்கா முந்திக்கொண்டாள். "என்ர தம்பி உடுமலைக்குப் போன மாசத்துல இருந்துங்க. சாயங்காலமானா, அவன் எப்பவும் உக்காந்து போற வண்டிப் பின்சீட்டைத் தொடச்சு வெச்சுட்டு, எங்கயும் போகாம உக்காந்திருப்பாருங்க." டாக்டர் அதையும் குறித்துக்கொண்டார். எனவே மன்னிப்பைத் தபாலில் போட வேண்டாம்; ஞாயிற்றுக்கிழமை நேரில் கொண்டுவரவும். கொண்டுவர மறந்தாலும் பரவாயில்லை, வரவும். ரசம் காரமில்லாமல் வைக்கச் சொல்லியிருக்கிறேன். சிரிப்பதானால் சிரித்துக்கொள்ளலாம்.