பல்லுக்கு ஏழு நாள்

மேட்டுத்துறை என்றொரு நாடு. கல் உடைத்துப் பிழைத்த நாடு. மன்னரைக் குடிகளே தேர்ந்தெடுத்தார்கள். அதனால் அவரைத் திட்டும்போதெல்லாம் தங்களையும் சேர்த்தே திட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

அங்கே இரண்டு வழக்கங்கள் உண்டு. ஓட்டுப் போடுகிறவர் தமக்குப் பிடித்த வேட்பாளரின் பனையோலையைக் கடித்துத் தர வேண்டும். ஒருவர் பல் தடம் இன்னொருவருக்கு இருக்காது என்பதால் கள்ள ஓட்டு ஒழிந்தது. இரண்டாவது, எதைத் தடை செய்தாலும் அதன் மாதிரியைக் கண்ணாடிக் குடுவையில் போட்டு, நிறம், மணம், எடை எல்லாம் எழுதி, அரண்மனை வாயிலில் வைக்க வேண்டும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று எவரும் சொல்லக்கூடாது.

ஒரு கோடையில் நீல நிறத்தில் ஒரு பொடி வந்தது. நகக்கண்ணில் ஒட்டுகிற அளவு போதும், உலகம் இனிக்கும். அதைவிடக் கொஞ்சம் கூடினால் மூச்சு நிற்கும். கடைவீதியில் ஒரே மாதத்தில் பதினோரு பேர் செத்தார்கள்.

சட்ட மந்திரி வச்சிரவேலர் நீலப் பொடியைத் தடை செய்தார். குடுவை வாயிலுக்கு வந்தது. மறுநாள் காலையில் முதல் ஆளாக வந்து அதைப் படித்தவர் கும்பலிங்கம். பொடி செய்கிறவர் அவர்தான் என்பது ஊருக்கே தெரியும். அடுத்த வாரம் பொடி மஞ்சளாயிற்று. மஞ்சளைத் தடுத்தார்கள். வில்லையாயிற்று. வில்லையைத் தடுத்தார்கள். களிம்பாயிற்று.

"என்ன அண்ணாச்சி, இன்னைக்கும் வந்துட்டீங்க?" என்று கேட்டான் வாயிற்காவலன் மாசாணம்.

"சட்டத்த மதிக்கிறவன்யா நான். எது தப்புன்னு தெரிஞ்சாத்தானே அதச் செய்யாம இருக்கலாம்?"

பதினேழு குடுவைகள் சேர்ந்தன. கடைவீதியில் சாவு குறையவில்லை. அரசு மருத்துவர் அருந்தவம் சபைக்கு வந்தார்.

"நிறத்தப் பாத்துத் தடுக்காதீங்க ஐயா. உடம்புல அது என்ன செய்யுது, எப்படி வலிய மரத்துப்போக வைக்குதுன்னு பாத்து, அப்படிச் செய்யுற சரக்குக் குடும்பத்தையே மொத்தமாத் தடுங்க. ஆனா ஆஸ்பத்திரி மருந்துக்கு மட்டும் விலக்குக் குடுங்க. அதுவும் அதே குடும்பந்தான்."

"அரிய யோசனை," என்றார் வச்சிரவேலர். "முதல் பாதியை ஏற்கிறோம். இரண்டாம் பாதி நீளமாக இருக்கிறது."

பதினெட்டாம் சட்டம் வந்தது: வலியைக் குறைக்கும் எதுவும் குற்றம். ஆஸ்பத்திரியில் வலிக்குக் கொடுத்துவந்த சொட்டு மருந்து முழுவதும் அரண்மனை வாயிலுக்குப் போயிற்று. கிராம்புத் தைலமும் கூடவே போயிற்று. கும்பலிங்கம் சட்டத்தை நிதானமாகப் படித்தார். மறுநாள் அவர் கடையில் பலகை தொங்கியது: "எங்கள் சரக்கு எந்த வலியையும் குறைக்காது. மகிழ்ச்சி மட்டுமே தரும்." அவரைப் பிடிக்க வழியில்லை.

கல்லுடைக்கும் இடும்பனுக்கு இடுப்பில் பாறை விழுந்து இரண்டு ஆண்டுகள். தினம் இரண்டு சொட்டில் தூங்கிக்கொண்டிருந்தவன், ஒன்பது நாளாகத் தூங்கவில்லை. அவன் மனைவி காளியாத்தா அருந்தவத்தையும் அழைத்துக்கொண்டு வாயிலுக்கு வந்தாள்.

"அந்தக் குடுவையில இருக்கிறது எம் புருசனோட மருந்துதானே?"

"ஆமா தாயி," என்றான் மாசாணம். "பாக்கலாம். தொடக்கூடாது."

"பாத்தா வலி போகுமா?"

"போனா அதுவும் குத்தந்தான்."

அருந்தவம் குடுவையில் எழுதியிருந்த எடையைப் படித்தார். இருமருங்கும் குடுவைகள் வெயிலில் மின்னின.

அந்த வாரம் மன்னரின் கடைவாய்ப் பல் சொத்தையாகிவிட்டது. பிடுங்கினார்கள். மன்னர் போட்ட கூச்சலில் கொட்டிலில் யானை கட்டுக்கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. அன்று மாலையே திருத்தம் வந்தது: விழுந்த பல்லைச் சான்றாகக் கொடுப்பவருக்கு, பல் ஒன்றுக்கு ஏழு நாள் மருந்து.

"இடுப்பு ஒடஞ்சவனுக்கு?" என்று கேட்டார் அருந்தவம்.

"மன்னருக்கு எதுவோ அதுவே குடிகளுக்கும்," என்றார் வச்சிரவேலர். "மன்னருக்கு இடுப்பு நன்றாக இருக்கிறது."

காளியாத்தா வீட்டில் போய்ச் சொன்னாள். இடும்பன் படுத்தபடியே மூலையில் கிடந்த கருவிப் பையைக் காட்டினான்.

"அந்தச் சின்ன உளிய எடு."

"உனக்கென்ன பைத்தியமா?"

"எத்தனை பாறையப் பொளந்திருக்கேன். எங்க தட்டினா எது விழும்னு எனக்குத் தெரியாதா?"

ஒரே தட்டு. காளியாத்தா பல்லைத் துணியில் முடிந்துகொண்டு ஓடினாள். அருந்தவம் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். சொத்தையே இல்லாத, திடமான பல். சொட்டு மருந்தை அளந்து கொடுக்கும்போது அவர் நிமிரவில்லை. அன்று இடும்பன் தூங்கினான்.

விழித்ததும் நாக்கால் தடவி எண்ணினான். "இன்னும் முப்பத்தொண்ணு இருக்கு. ஏழு மாசம் தாங்கும். அதுக்குள்ள தேர்தல் வந்துரும். இவனுங்கள மாத்திப்புடலாம்."

கல் உடைக்கிற நாட்டில் வலி இல்லாதவர் யார்? ஒரு மாதத்தில் ஆஸ்பத்திரி வாசலில் வரிசை நின்றது. எல்லாருடைய கையிலும் ஒரு முடிச்சு. நாடு முழுக்கக் கஞ்சியும் களியும்தான் வெந்தது. முறுக்குச் சுடுகிறவர்கள் ஊரைவிட்டே போனார்கள். கும்பலிங்கம் பக்கத்திலேயே பல் பிடுங்கும் குறட்டுக் கடை போட்டார். குறடு வலியைக் குறைப்பதில்லை என்பதால் சட்டம் குறுக்கே வரவில்லை.

தேர்தல் நாள் வந்தது. ஊர் இதற்குமுன் இப்படித் திரண்டதில்லை. இடும்பனைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். முந்தைய நாள்தான் கடைசிப் பல்லைக் கொடுத்திருந்தான். எதிர்வேட்பாளரின் ஓலையைக் கேட்டு வாங்கினான். வாயில் வைத்தான். அழுத்தினான். ஓலை நனைந்தது, அவ்வளவுதான்.

"தடம் விழலியே ஐயா," என்றார் ஓலைக் கணக்கர்.

"எதை வெச்சுக் கடிக்க?"

"அது உங்க விருப்பம். அரசு அதுல தலையிடாது."

அவனுக்குப் பின்னால் ஊரே பொக்கைவாயோடு நின்றது.

மறுநாள் வச்சிரவேலர் உப்பரிகையில் நின்று முடிவை வாசித்தார். மன்னருக்கு எதிராக ஒரு ஓட்டுக்கூடப் பதிவாகவில்லை. ஈரமாக மட்டும் இருந்த ஓலைகள் செல்லாதவை. செல்லுபடியானவை அரண்மனைக்காரர்கள் கடித்தவையும், இன்னொன்றும். அந்த இன்னொன்றில் முப்பத்திரண்டு பல்லும் அச்சுப்போலப் பதிந்திருந்தன. கடித்தவர் கும்பலிங்கம்.

சரியாக ஓட்டுப் போடுவது எப்படி என்று குடிகள் தெரிந்துகொள்ளட்டும் என மன்னர் அந்த ஓலையைக் கண்ணாடிக் குடுவையில் போட்டு, வாயிலில் வைக்கச் சொன்னார்.