‘பதமா’ என்ற சுருட்டும் என் மானமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் பத்திரிகையின் நெடுநாள் வாசகன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும் அலுவலகத்தாரும் நலமா? நான் நலமில்லை. அதற்குக் காரணம் தாங்கள்தான்.

ஞாயிறுதோறும் வரும் ‘சொல் வந்த வழி’ பகுதியில், மட்டமான சுருட்டுக்கு நம் ஊரில் ‘பதமா’ என்று ஏன் பெயர் வந்தது, தெரிந்தவர்கள் எழுதலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஐயா, ஊரில் வேறு சொல்லே கிடைக்கவில்லையா? அந்தச் சொல் என் வாயிலிருந்து விழுந்தது. இன்றுவரை அதைத் திரும்பப் பொறுக்க முடியவில்லை.

நாற்காலி செய்யும் பட்டறையில் மரம் உலர்த்தும் அறை என் பொறுப்பில் இருந்தது. ஈர மரம் வந்தால் சூட்டறையில் அடுக்கி, பதம் பார்த்து எடுப்பேன். ஒருமுறை பெரிய ஆர்டர் கிடைத்த சந்தோஷத்தில் முதலாளி எங்களுக்குக் கொடுக்க உயர்ந்த சுருட்டு ஒரு பெட்டி வரவழைத்தார். அது வழியில் மழையில் நனைந்துவிட்டது. “இத என்னப்பா பண்றது?” என்றார். ஈரம் என்றால் எனக்குத் தெரிந்தது ஒரே வைத்தியம். சூட்டறையில், வார்னிஷ் அடித்துக் காயவைத்திருந்த நாற்காலிகளுக்கு நடுவே பெட்டியைத் திறந்து வைத்தேன். வார்னிஷ்காரர் இருந்திருந்தால் தடுத்திருப்பார், அவர் வயிற்றுவலி என்று லீவு போட்டிருந்தார். மறுநாள் ஒன்றை எடுத்து நீட்டி, “நல்லா பதமா இருக்கு முதலாளி, பத்த வைங்க” என்றேன். பற்றவைத்தார். முதலில் சுருட்டு பற்றியது, பிறகு மீசை பற்றியது, வார்னிஷ் புகையில் பட்டறையே இருமிக்கொண்டு தெருவுக்கு ஓடிவந்தது. அன்று மாலை பெட்டிக்கடையில், இருப்பதிலேயே மட்டமான சுருட்டைக் காட்டி எவனோ ஒருவன், “அண்ணே, பதமா ஒண்ணு குடுங்க” என்றானாம். அவ்வளவுதான், ஊர் பிடித்துக்கொண்டது.

இப்போது மகள் வீட்டில் இருக்கிறேன். நான் ஒரு வார்த்தை சொன்னால் முதலாளியே எழுந்து நிற்பார் என்று மருமகனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். மீசை பற்றியபோது எழுந்துதான் நின்றார், அது பொய்யில்லை. அந்த மருமகன் தினமும் சாப்பிட்டு எழுந்ததும், “மாமா, மாடிக்குப் போய் ஒரு பதமா போட்டுட்டு வரேன்” என்கிறார். நான் தட்டைப் பார்த்துக் குனிந்துகொள்கிறேன். என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போய்விடுகிறாள். உண்மை அச்சில் வந்தால் அந்த வீட்டில் எந்த முகத்தோடு உட்காருவேன்? கப்பல்காரர்கள் கொண்டுவந்த சொல் என்று ஏதாவது எழுதி முடித்துவிடுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

தங்கள் பத்திரிகை பல்லாண்டு வாழ்க. தங்கள் வீட்டில் யார் மீசையும் கருகாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் இந்த ஞாயிறு இதழ் வந்துவிட்டது. அந்தச் சொல்லைச் சொன்னது தான்தான் என்று வார்னிஷ்காரர் படத்தோடு பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறார். மருமகன் அதைச் சத்தமாக வாசித்து வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, “எப்பேர்ப்பட்ட மனுஷன் மாமா, இவரை ஒருநாள் நேர்ல பாத்துடணும்” என்றார். என்னைப் பற்றி அவர் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. ஐயா, அன்று அந்த ஆள் லீவு. மேலே உள்ளதை ஓர் எழுத்து விடாமல் போடவும். என் பெயர் உறையின் பின்புறம் இருக்கிறது, கொட்டை எழுத்தில் வரவேண்டும். படம் இணைத்திருக்கிறேன். மருமகனிடம் நான் வாயைத் திறக்கவில்லை, அவரே சத்தமாக வாசிக்கட்டும்.