விபிக்கு வாரிசு வேலை

நெய்வேலி நகரியத்தில் எங்கள் ஊழியர் கூட்டுறவுப் பண்டகசாலைக்கு பில் போட ஒரு சாஃப்ட்வேர் அவசியம் என்று நிர்வாகக் குழு ஏகமனதாக உணர்ந்தது. காலை ஷிஃப்ட் முடிந்து க்யூவில் நின்றவர் கைக்குத் துவரம்பருப்பு வருவதற்குள் அடுத்த ஷிஃப்ட்டே முடிந்துவிடும். அப்படி ஒரு வேகம்.

குறிஞ்சிப்பாடியிலிருந்து பஸ்ஸில் வரும் தமிழ்நிலாவை கான்ட்ராக்டில் எடுத்தார்கள். மார்ச்சுக்குள் சாஃப்ட்வேர் ஓடினால் பெர்மனன்ட், இல்லாவிட்டால் வீட்டுக்கு. எந்த கம்ப்யூட்டர் மொழியில் எழுதுவது என்று அவள் குழுவிடம் ஒரு கேள்வி கேட்டாள். கேட்டிருக்கவே கூடாது.

"சி ஷார்ப்ல எழுதட்டுங்களா, விபி டாட்நெட்லயா?"

செயலாளர் நல்லசாமி கண்ணாடியைக் கழற்றினார். "ரெண்டுக்கும் என்னம்மா வித்தியாசம்?"

"பெருசா ஒண்ணுமில்லீங்க. ஒரே கம்பெனிதான். இதுல செய்யறத அதுலயும் செய்யலாம்."

"அப்ப ஒண்ணை எடுத்தா இன்னொண்ணுக்கு அநீதியாச்சே! யாரு சீனியர்?"

"ரெண்டும் ஒண்ணாத்தாங்க வந்துச்சி. விபிக்கு முன்னாடி பழைய விபி இருந்துச்சி. அத நிறுத்திட்டாங்க."

தொழிற்சங்கத்து சுபாஷ் மேசையைத் தட்டினார். "ரிட்டயர் ஆனவரோட வாரிசு! வேலை குடுத்தே ஆகணும்."

குழு உறுப்பினர் புஷ்பவல்லி விடவில்லை. "எங்க பையன் பெங்களூர்ல சி ஷார்ப். விபின்னா இப்பல்லாம் பொண்ணே குடுக்க மாட்டாங்க."

நகரியம் இரண்டானது. வாக்கிங் போகிறவர்கள்கூட அணி பிரிந்து நடந்தார்கள். நான் சி ஷார்ப் அணி. அது என்னவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது, ஆனால் சொல்லும்போது வாய்க்குக் கௌரவமாக இருந்தது.

ஜனவரியிலேயே தமிழ்நிலா கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாள். "எழுதி முடிச்சிட்டேங்க. ஓடிக்கினு இருக்குது சார், பாருங்க." பில் சரசரவென்று வந்தது.

நல்லசாமி பதறிப்போனார். "மொழியே முடிவாகலை, அதுக்குள்ள எப்படிம்மா ஓடும்? நிறுத்து!"

நிறுத்தினாள்.

மார்ச் கடைசியில் தீர்மானம் வந்தது: 'மேற்படி இரு மொழிகளும் எவ்விதப் பாகுபாடுமின்றி நிரந்தரமாக்கப்படுகின்றன.' இரண்டு அணிகளும் பட்டாசு வெடித்தோம். அடுத்த தீர்மானம், சாஃப்ட்வேர் குறித்த காலத்தில் ஓடாததால் தமிழ்நிலாவின் கான்ட்ராக்ட் முடிகிறது என்பது. சத்தத்தில் யாருக்கும் அது சரியாகக் கேட்கவில்லை.

பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். அழுதிருந்தாள். "அநியாயம்மா இது" என்று மனதாரச் சொன்னேன்.

சொல்லிவிட்டு நேரே நல்லசாமி வீட்டுக்குப் போனேன். அந்த கான்ட்ராக்ட் இடம் இப்போது காலி. என் மகள் ஹரிணியும் கம்ப்யூட்டர்தான் படித்திருக்கிறாள்.