ஓடை தாண்டிய புளியமரம்

வாழ்க்கையில் ஒரே ஒரு நல்ல புகைப்படம் எடுத்துவிட்டவன் ஆபத்தானவன். பத்து எடுத்தவனுக்கு அடக்கம் வந்துவிடும். நான் எடுத்தது ஒன்று.

மழை விட்ட ஒரு காலையில், ஜவ்வாது மலையில் ஒரு மேட்டின் மேல் நின்று எடுத்தேன். கீழே பள்ளத்தாக்கு, நடுவில் ஓடை, இடது கரையில் சாமைக் கொல்லை, அதில் ஒற்றைப் புளியமரம், பின்னால் அடுக்கடுக்காக மலை. (கேமரா ஆட்டோமேட்டிக்கில் இருந்தது. பட்டனை அமுக்கியது மட்டும்தான் என் கலை.)

என் மனைவி ஸ்டெல்லாவின் அண்ணன் அந்தோணி அந்தப் பள்ளத்தாக்கை ஒட்டிய ஊரில் சாப்பாட்டுக் கடை திறக்க ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். கடைச் சுவரில் இந்தப் படத்தைப் பெரிதாக வைக்க வேண்டும் என்பது அவர் ஆசை.

“வேலூர்ல குடுத்தா ஒரு மணி நேரத்துல ஃபிளெக்ஸ் அடிச்சிக் குடுத்துடுவான் மாப்ள,” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. காதுகுத்துக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் அடிப்பது ஃபிளெக்ஸ். என் படத்துக்கா?

“வேணாம் மச்சான். நல்ல பேப்பர்ல நானே வூட்ல பிரிண்ட் போட்டுத் தர்றேன்,” என்றேன்.

எங்கள் வீட்டு பிரிண்டர் ஏ-த்ரீ தாள்வரை விழுங்கும். படத்தைப் பன்னிரண்டு தாளாகப் பிரித்து அடித்து, வரிசைக்கு நாலாக மூன்று வரிசை ஒட்டினால் ஐந்தரை அடி நீளம் வரும். நான் கணக்கு வாத்தியார். படவேட்டுப் பக்கம் ஒரு பள்ளியில் பதினைந்து வருடமாகப் பெருக்கல் சொல்லித் தருகிறவன். இதில் என்ன தப்பு நடந்துவிடும் என்று நினைத்தேன்.

வேலூரில் தாள் வாங்கப் போனேன். கடையில் இருந்த பெண் கேட்டார். “கிளாஸியா, மேட்டா, லஸ்டரா சார்?”

“ம்,” என்றேன்.

“எத்தினி ஜிஎஸ்எம்?”

“நல்ல ஜிஎஸ்எம்மா குடுங்க.”

“உங்க பிரிண்டர்ல இங்க் டையா, பிக்மென்ட்டா?”

“கறுப்பு பிரிண்டர்மா.”

அந்தப் பெண் ஒரு நிமிடம் என்னைப் பார்த்துவிட்டு, பொறுமையாக விளக்கினார். கிளாஸி பளபளக்கும், ஆனால் வாசல் வெளிச்சம் பட்டால் கண்ணாடி மாதிரி பிரதிபலிக்கும். மேட் பளபளக்காது. லஸ்டர் இரண்டுக்கும் நடுவில். ஜிஎஸ்எம் என்பது தாளின் கனம். கடைச் சுவருக்கு மேட்தான் சரி. கடைசியாக ஒன்று சொன்னார். “இதுல ஒரு பக்கந்தான் கோட்டிங் இருக்கும் சார். ஈர விரலால தொட்டுப் பாருங்க. ஒட்டற பக்கந்தான் பிரிண்ட் பக்கம்.”

எல்லாம் புரிந்தது. படியிறங்கும்வரை புரிந்தபடியேதான் இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது ஒரு சந்தேகம் முளைத்தது. ஒட்டுகிற பக்கத்தில் அடிக்க வேண்டுமா, ஒட்டாத பக்கத்திலா? முதலில் தாள்களின் முதுகில் ஒன்று முதல் பன்னிரண்டு வரை பென்சிலால் எண் போட்டேன். எது முதுகு என்று தெரியாமலே போட்டேன் என்பது இப்போது புரிகிறது. பிறகு விரலை நனைத்துத் தொட்டேன். இரண்டு பக்கமும் ஒட்டியது. விரலை நம்ப முடியாமல் உதட்டால் தொட ஆரம்பித்தேன்.

ஸ்டெல்லா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். “இன்னாங்க பண்றீங்க, பேப்பர நக்கிக்கினு?”

“கோட்டிங் பாக்கறேன்.”

“பசிச்சா சொல்லுங்க. உப்புமா இருக்குது.”

முதல் நாலு தாளில் மை ஊறிப் பரவி, மலைகளுக்கெல்லாம் மீசை முளைத்தது. அவற்றைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி அடித்தேன். வெள்ளை விளிம்பு விழக்கூடாது என்று ‘பார்டர்லெஸ்’ஸைத் தட்டினேன். அது படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி நாலு ஓரத்தையும் வெட்டிவிடும் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. பக்கத்துப் பக்கத்துத் தாள்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளவே இல்லை. ஒன்றில் பாதியில் நிற்கும் கிளை அடுத்ததில் கிடையாது. நான் போட்ட எண்களோ பாதி மைக்கு அடியில் மறைந்துவிட்டன.

கடை திறப்பன்று காலை, அந்தோணியின் பிளைவுட் பலகையில் எல்லாவற்றையும் பரப்பினேன். மேலே மலை, வானம், அவை சுலபம். கீழ்வரிசை முழுக்கப் பச்சை. எந்தப் பச்சை எந்தப் பச்சைக்குப் பக்கத்தில் என்று பார்த்துக்கொண்டே இருந்ததில் எனக்குக் கண் கலங்கியது.

“இது இந்தாண்ட வரணும்னு தோணுது,” என்றாள் ஸ்டெல்லா.

“படம் எடுத்தவன் நானு. எனக்குத் தெரியாதா?” என்றபடி ஒட்டி, பலகையைச் சுவரில் மாட்டினேன்.

பதினொரு மணிக்குப் பந்தி. ஊரிலிருந்து முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். சாமைச் சோறு இலையில் விழுந்துகொண்டிருந்தபோது காளியப்பன் என்ற பெரியவர் எழுந்து படத்தின் கிட்டே போனார்.

“வாத்தியாரே, இது எம்மரந்தான?”

“ஆமாங்க,” என்றேன் பெருமையாக.

“ஓடைக்கு அந்தாண்ட இன்னாத்துக்கு நிக்குது?”

பார்த்தேன். புளியமரம் வலது கரையில் நின்றுகொண்டிருந்தது.

இடது கரைக் கொல்லை காளியப்பனுடையது, வலது கரையில் இருப்பது அவருடைய பங்காளி சின்னராசுவுடையது. மரம் யாருக்கு என்று இருவருக்கும் வருடக் கணக்கில் தகராறு. போன வருடம்தான் ஊர் கூடி, மரம் காளியப்பனுக்கு என்று முடித்திருந்தார்கள். சின்னராசு இலையை மடக்காமலே எழுந்து வந்தார்.

“நான் அன்னிக்கே சொன்னேன். யாரு கேட்டீங்க? போட்டோ பொய் சொல்லுமா?”

தப்பாக ஒட்டிவிட்டேன் என்று இரண்டு வார்த்தையில் முடித்திருக்கலாம். பதினைந்து வருட வாத்தியார் வாய் விடவில்லை. “லென்ஸ்ல சில சமயம் இடம் வலம் மாறித் தெரியுங்க,” என்றேன்.

“அப்ப மலை ஏன் மாறல?” என்றார் காளியப்பன்.

“மரம் கிட்ட இருக்குது. அதான்.”

“கிட்ட இருந்தா மாறிடுமா? அப்ப நாங்க கண்ணால பாக்கறது?”

“கண்ணும் ஒரு லென்ஸ்தானுங்களே.”

பந்தியில் சாப்பாடு நின்றது. மரம் உண்மையில் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதில் அங்கே யாருக்கும் உறுதியில்லாமல் போனது. எனக்கும்தான். யாரோ சொன்னார்கள், “வாங்க, ஒரு நட போய்ப் பாத்துட்டு வந்துடலாம்.” முப்பது பேரும் எச்சில் கையோடு கிளம்பினார்கள். சாம்பார் வாளியோடு நின்ற அந்தோணியை நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அரை மணி நேரம் நடந்தோம். மரம் இருந்த இடத்தில்தான் இருந்தது. ஆனால் நாங்கள் போனது எதிர்ப்பக்கத்திலிருந்து. அங்கிருந்து பார்த்தால் மரம் வலது கரையில்தான் தெரிந்தது.

“பாத்தீங்களா,” என்றார் சின்னராசு.

“இங்கேர்ந்து பாத்தா எப்பிடிய்யா? அங்கேர்ந்து பாக்கணும்,” என்றார் காளியப்பன். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். சின்னராசுவின் பக்கம் ஒரு எட்டு வைத்தார். அதைப் பார்த்ததும் எனக்கு வெட்கம் போய் பயம் வந்துவிட்டது.

“லென்ஸ் எல்லாம் ஒண்ணுமில்லைங்க,” என்றேன். “ரெண்டு தாள மாத்தி ஒட்டிட்டேன்.”

சின்னராசு தன் கொல்லையைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

“இத அங்கியே சொல்லியிருந்தா சோறு சூடாத் துன்னுருப்போமே,” என்றார்.

காளியப்பன்தான் முதலில் சிரித்தார். திரும்பி நடக்கும்போது பங்காளிகள் இருவரும் பேசிக்கொண்டு முன்னால் போனார்கள். அவர்கள் சேர்ந்து நடந்து பல வருடமாயிற்று என்று யாரோ சொன்னார்கள். பேச்சு முழுக்க என்னைப் பற்றித்தான்.

படத்தைக் கழற்றிவிடலாம் என்று அந்தோணியிடம் எவ்வளவோ கெஞ்சினேன். “வேணாம் மாப்ள, அதப் பாக்கறதுக்கே ஆளுங்க வர்றாங்க,” என்றார். இன்றும் அது அங்கேயே இருக்கிறது.

எங்கள் வீட்டில் எது காணாமல் போனாலும் இப்போது யாரும் பதறுவதில்லை. போன வாரம் என் மூக்குக் கண்ணாடியைக் காணாமல் வீடு முழுக்கத் தேடிக்கொண்டிருந்தேன். புத்தகத்திலிருந்து தலையை எடுக்காமல் என் மகள் சொன்னாள்: “ஓடைக்கு அந்தாண்ட பாருப்பா.”